காயப் பட்டியலில் ஒரு பெயர்

ஒரு தாளில் ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும். அவ்வளவுதானா என்கிறீர்களா? எழுதிப் பாருங்கள், தெரியும்.

குமரிக் கடற்கரையில் முட்டுக்கரை என்றொரு கால்பந்து அணி. அந்த வருடம் கடலோர லீக்கில் சம்பள வரம்பைக் குறைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால் அணிக்கே இடமில்லை. முட்டுக்கரை நிறையவே தாண்டியிருந்தது. அதிகச் சம்பளக்காரர்கள் இருவர்: கோல் அடிக்கும் கிளாட்வின், கோல்கீப்பர் அருளப்பன். ஒருவர் பெயர் போனாலே போதும். ஆனால் அருளப்பனை விட்டால் கோலைக் காக்க அவரளவுக்கு ஆளில்லை; கிளாட்வினை விட்டாலோ எதிரணி அன்றைக்கே கொத்திக்கொண்டு போய்விடும்.

கோச் பெர்க்மான்ஸ் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளம் வரம்பில் சேராது. அவர் அந்த சீசன் முழுக்க ஆடவும் முடியாது. கிளாட்வினுக்குக் காயம் என்று எழுதிவிட்டால் எதிரணிக்குக் கிடைக்கமாட்டான். மூளைக்காரர்தான். ஆனால் அது பச்சைப் பொய்.

ஐந்து மணிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். நாலரைக்கு மூவரும் அணியின் அறையில் இருந்தார்கள்.

போன சீசனில் கடைசி இரண்டு ஆட்டங்களிலும் அவர்கள் தோற்றிருந்தார்கள். இரண்டு கோலும் அருளப்பனின் வலப்பக்கம், தலைக்கு மேலே போனவை. "கைய தூக்கவும் மடியாண்ணே ஒங்களுக்கு?" என்று மைதானத்திலேயே கத்தியவன் கிளாட்வின். இப்போது சமாதானமாக அவன் நீட்டிய டீயை அருளப்பன் இடக்கையால் வாங்கினார். இன்னும் கோபம் தீரவில்லை போலும் என்று கிளாட்வின் நினைத்துக்கொண்டான்.

கோச் பேனாவைத் திறந்ததும் அவன் கைகூப்பிவிட்டான்.

"எனக்கு முப்பத்திமூணு வயசு, கோச். ஒரு வருசம் பந்தைத் தொடாம கெடந்தா பொறவு எவன் கூப்பிடுவான்? என்னைய விட்டிருங்க. ஒங்களக் கும்பிடுதேன்."

"ஒன்ன விட்டா நாம தீந்தோம்லே!" என்றார் கோச்.

அருளப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்க பேர எழுதுங்க."

"எனக்காக நீங்க பொய் சொல்லண்டாம்ணே" என்று கிளாட்வின் பதறினான்.

மணி நாலு ஐம்பது. இப்போது நீங்கள்தான் கோச். பொய்யும் சொல்லாமல், கிளாட்வினையும் இழக்காமல், எந்தப் பெயரை எழுதுவீர்கள்? எதனால்?

விடை: அருளப்பன். அவர் தியாகம் செய்யவில்லை, உண்மையைச் சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர் எதற்காக இடக்கையால் டீ வாங்குகிறார்? கோல்கள் ஏன் வலப்பக்கமாகவே போயின? கோச்சுக்கு இது உறைத்தது. "வலக்கைய தூக்கும், பாப்போம்" என்றார். கை தோள் வரைக்கும்கூட வரவில்லை. முப்பத்தாறு வயது கோல்கீப்பரின் பெயர் ஒருமுறை அந்தத் தாளில் ஏறிவிட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு நாள் மறைத்திருக்கிறார். மைதானத்தில் கத்தியது நினைவுக்கு வந்து கிளாட்வின் குலுங்கி அழுதான். கோச்சால் எழுத முடியவில்லை. அருளப்பனே பேனாவை வாங்கி, இடக்கையால் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார்.