கையகல ஓட்டை

கடற்கரையில் படகுச்சாமி என்று ஒருவர் இருந்தார். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. பழைய வள்ளங்களைச் செப்பனிடுவார். யாராவது ஏதாவது கேட்டால் பெரும்பாலும் பேசாமல் இருப்பார். அந்த இரண்டாவது குணத்தால்தான் அவரைச் சாமியாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அவருக்கு ஒரே ஒரு சீடர், சேதுமாணிக்கம். சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

சேர்ந்த நாளில் சேதுமாணிக்கம் சொன்னார்: "எனக்கு நிம்மதி வேணும் சாமி."

குரு அவர் கையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக் கொடுத்து, விரிசல் விட்ட வள்ளம் ஒன்றைக் காட்டினார். சேதுமாணிக்கத்துக்கு வேலை தெரிந்திருந்தது. விரிசலில் பஞ்சுத்திரியை வைத்து அடித்தார். குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூச்சு தயாரித்தார். கடைசியில் பழக்கதோஷத்தில் ஒரு பிடி காவிப்பொடியை அதில் போட்டார்.

"அது எதுக்கு?" என்றார் குரு.

"மரத்தோட நிறம் வந்துரும் சாமி. ஒட்டுப் போட்டதே தெரியாது."

"இங்க தெரியணும்."

குரு பூச்சை மண்ணில் கொட்டிவிட்டு, வேறு காய்ச்சச் சொன்னார். அதன் பிறகு நான்கு வருடம் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரு நாள் மதியம் டிராக்டரில் ஒரு வள்ளம் வந்து இறங்கியது. இரண்டு பேர் போகக்கூடிய சின்னப் பாய் வள்ளம். பாய்மரம் இல்லை. அடிப்பலகையில் கையகலத்துக்கு ஓட்டை. உள்ளே கோழி எச்சம். கூடவே ராக்கம்மா என்ற பெண் வந்தாள். வெயிலிலும் உப்பிலும் காய்ந்த முகம்.

சேதுமாணிக்கம் வள்ளத்தைப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பைத் தடவினார். புழு அரித்த துளைகளில் காவி நிறப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வள்ளத்தின் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாமியிடம் வருவதற்கு முன் அவருக்கு அதுதான் தொழில். பழைய வள்ளத்தை வாங்குவார், ஓட்டைகளை மறைப்பார், வண்ணம் அடித்து விற்பார். இதையும் அவர்தான் விற்றார். வாங்க வந்தவர்கள் பூமிநாதன் என்பவரும் அவர் மச்சானும். வாங்கிய ஒரு மாதத்தில் இரண்டு பேரும் கடலில் செத்தார்கள். டீக்கடையில் அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கே சேதுமாணிக்கம் ஊரைவிட்டுக் கிளம்பி, இரண்டு வருடம் எங்கெங்கோ அலைந்த பிறகு சாமியிடம் வந்து சேர்ந்தார்.

பூமிநாதனின் மனைவி ராக்கம்மா. விற்றவனின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

"கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போகணும் சாமி," என்றாள் குருவிடம். "மத்த பொம்பளைக அவுக வள்ளத்துல என்னைய ஏத்த மாட்டேங்குறாக. ராசி இல்லாதவளாம். அதான், கோழி அடைச்சுப் போட்டிருந்த இதையே சரி பண்ணிக்கிடலாம்னு பாக்குறேன்."

"ஓட்டை எப்படி வந்தது?" என்று கேட்டார் குரு.

"கடல்ப் பாறையில மோதுனது. ஆறு வருசமாச்சு. அன்னைக்குக் காத்தும் இல்ல, அலையும் இல்ல. எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு, வள்ளம் போயி பாறையில ஏறிருச்சுன்னு ஊரு சொல்லுது. கூட எந் தம்பியும் போயிட்டான், வள்ளம் மட்டும் கரை ஒதுங்குச்சு. எங்க ஆத்தா மூணு வீடு தள்ளித்தான் இருக்கு. 'ஒம் புருசன் தூங்கி எம் புள்ளையக் கொன்னுட்டான்'னு அன்னைக்குச் சொன்னதுதான். அதோட பேச்சு நின்னு போச்சு."

குரு ஓட்டையைப் பார்த்தார். காவிப் பூச்சையும் பார்த்தார். சீடரை மட்டும் பார்க்கவில்லை.

அவள் போனதும் சேதுமாணிக்கம் சொன்னார்: "இந்த வேலையை நான் ஒருத்தனே செய்றேன் சாமி."

"செய்ங்க."

நாற்பத்தொரு நாள் செய்தார். அழுகின பலகைகளைக் கழற்றிப் புதுப்பலகை போட்டார். ஆணிகளை மாற்றினார். புதுப் பாய்மரம் நட்டார். பாயைத் தன் கையாலேயே தைத்தார். சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவார். இத்தனை நேர்த்தியாக அவர் ஆயுளில் எதையும் செய்ததில்லை. பூமிநாதனுக்கு விற்கிறபோது இதில் நாலில் ஒரு பங்கு செய்திருந்தால் போதும். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிச் செய்தார்.

ஓட்டை விழுந்த பழைய பலகையை முதல் நாளே குங்கிலியம் காய்ச்சுகிற அடுப்பில் வைத்தார். குரு வந்து அதை உருவி, நுனியில் பற்றிய நெருப்பை மண்ணில் தேய்த்து அணைத்தார். கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். நாற்பத்தொரு நாளும் அந்தப் பலகை அங்கேயே நின்றது.

கடைசி நாள் காலையில் சேதுமாணிக்கம் கேட்டார்.

"சாமி, ஒருத்தன் செஞ்ச பாவத்த வேலை செஞ்சு கழுவிட முடியுமா?"

"வள்ளத்துல தண்ணி ஊத்துங்க," என்றார் குரு.

கடலில் இறக்குமுன் செய்கிற சோதனை அது. வள்ளத்துக்குள் தண்ணீரை நிரப்பினால், ஓட்டை எங்கே இருந்தாலும் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். சேதுமாணிக்கம் குடம் குடமாக ஊற்றினார். பிறகு வள்ளத்தைச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஒழுகல சாமி."

"நல்ல வேலை."

"அப்ப கழுவியாச்சா?"

குரு பழைய பலகையை எடுத்துவந்து இரண்டு கல்மேல் வைத்தார். ஒரு குடம் தண்ணீரைச் சீடரிடம் நீட்டினார். சேதுமாணிக்கம் ஊற்றினார். தண்ணீர் ஓட்டை வழியாக மண்ணில் விழுந்தது.

"இது ஒழுகுது," என்றார் குரு.

"அது இப்ப வள்ளத்துல இல்லையே சாமி."

"இல்லதான். அந்த ஓட்டை ராக்கம்மா வீட்டுல இருக்கு."

சேதுமாணிக்கம் காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

மதியம் ராக்கம்மா வந்தாள். வள்ளத்தைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள். புதுப்பலகையைத் தட்டினாள். பாயைத் தொட்டுப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தானோ என்னவோ.

"யாரு சாமி செஞ்சது? இந்த அண்ணனா?" என்று கேட்டவள், சேதுமாணிக்கத்தின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறி விலகினார்.

"ஒண்ணு சொல்லட்டுமாண்ணே," என்றாள் நிமிர்ந்து. "மொதல்ல நான் ஊரு சொன்னத நம்பல. அவுக குடிக்க மாட்டாக. ஆனா எத்தன வருசம் ஒருத்தியா நின்னு இல்ல இல்லன்னு சொல்றது? போன பொங்கலுக்கு எனக்கே தோணிருச்சு, தூங்கித்தான் போயிருப்பாகன்னு. அவுக படத்தச் செவுத்துலருந்து கழட்டி அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிட்டேன்."

சேதுமாணிக்கத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குருவைப் பார்த்தார். குரு உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு தூங்கலம்மா," என்றார்.

ராக்கம்மா பார்த்தாள்.

"அது பாறையில மோதுன ஓட்டை இல்ல. புழு தின்ன பலகை. எனக்குத் தெரியும். தெரிஞ்சே அடைச்சு, மேல காவி பூசி, ஒன் வீட்டுக்காரருக்கு வித்தவன் நாந்தான். நடுக்கடல்ல அந்த அடைப்பு விட்டுப்போச்சுன்னா, முழிச்சிருந்தாலும் யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடிக்கவில்லை.

"திரும்பச் சொல்லு," என்றாள்.

சொன்னார்.

"இன்னொருக்கச் சொல்லு. அவுக தூங்கலங்கறத மட்டும் சொல்லு."

"அவரு தூங்கல."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமே இல்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, அதையே சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். கல்மேல் கிடந்த ஈரப்பலகையைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டாள்.

"எங்க ஆத்தாகிட்டக் காட்டணும்," என்றாள் குருவிடம்.

"வள்ளம்?"

"அது எனக்கு வேணாம் சாமி. இவன் கை பட்டது."

கரையோரமாக நடந்தாள். அவள் ஊர் அங்கிருந்து ஆறு மைல். தலையில் பலகையோடு அவள் போவது வெகுதூரம்வரை தெரிந்தது. சேதுமாணிக்கம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நிரம்பிய வள்ளம் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"ஊரே திரண்டு வரும் சாமி," என்றார்.

"வரும்."

"போலீசும் வரலாம்."

"வரலாம்."

"அந்தத் தாய்க்கிழவி வருமோ?"

குரு உளியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நிம்மதி வேணும்னு வந்தேன். இப்ப நான் எங்க போக?"

குரு உளியை வைத்துவிட்டு எழுந்தார். கொட்டகைக்குப் பின்னால் சீடர் படுக்கிற ஓலைப்பாய் கிடந்தது. அதை எடுத்துவந்து, பாதையைப் பார்த்தாற்போல் முன்பக்கத்தில் விரித்தார்.

"இங்க உக்காருங்க," என்றார். "வர்றவங்க உங்களத் தேடி அலைய வேணாம்."