இருபத்து மூன்று பிராக்கெட்

போத்தனூரில் பிலோமினாவின் கொட்டகைக்கு வருகிற பழைய கார்கள் எல்லாம் ஒரே விஷயத்துக்காகத்தான் வரும். இது எந்த தேசத்து வண்டி, யார் செய்தது? பிலோமினா அடியில் படுத்து அரைமணி நேரம் பார்ப்பார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிடுவார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவருக்கு நாற்பது வயது. அவரிடம் தொழில் படிக்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்தேழு. நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவர். ஆலையை மூடியதும் நேராக இங்கே வந்து, கீழே உட்கார்ந்து நட்டு பொறுக்க ஆரம்பித்தார். எதையும் நோட்டில் எழுதினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அந்த வண்டியைக் கொண்டுவந்தவர் அமராவதி, ரிட்டயரான நர்ஸ். சாம்பல் நிறத்தில் நீளமான வண்டி. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு கார் இல்லை.

அமராவதியின் அப்பா வஞ்சியப்பன், மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மெக்கானிக்காக இருந்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிய வருஷம் துரையின் காரைக் காணவில்லை. அதே வருஷம் வஞ்சியப்பன் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மலையிறங்கினார். பள்ளத்தில் உருண்ட வண்டிகளைப் பொறுக்கி நானே செய்தேன் என்றார். நம்ப ஆளில்லை. சாகிற வரைக்கும் ஊரில் அவருக்கு ‘காருத்திருடன்’ என்றுதான் பேர். மகளின் கல்யாணப் பந்தியிலேயே ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டானாம்.

இப்போது ஒரு காட்சிக்கூடத்தில் வண்டியைக் கேட்டிருக்கிறார்கள். படிவத்தில் ‘செய்தவர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்காகத்தான் அமராவதி வந்திருந்தார்.

“பொய்யா எழுத மாட்டேனுங்க. உண்மைன்னா எழுதாம விடவும் மாட்டேன்.”

பிலோமினா வேலையைச் சென்னியப்பனிடம் விட்டார். பத்து நாள். முப்பத்தொரு பக்கம் எழுதியாயிற்று. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் இங்கிலாந்து. கியர்பாக்ஸும் பாடியும் அங்கேதான். என்ஜின் அமெரிக்கா. கதவு ஏதோ ராணுவ வேனுடையது. எல்லாவற்றிலும் எண் இருந்தது, முத்திரை இருந்தது. முத்திரை இல்லாதவை, கையால் அரம் போட்டுத் தேய்த்த இருபத்து மூன்று இரும்பு பிராக்கெட்டுகள் மட்டும். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. முத்திரை இல்லாததெல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போகும். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்போது முதலில் கழற்றி எறிவதும் அவற்றைத்தான். சென்னியப்பனும் கடைசிப் பக்கத்தில் ‘பிற்கால ஒட்டுவேலை’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

ஆக, இது இங்கிலாந்துக் கார். அடிபட்டு, பிறகு என்ஜினும் கதவும் மாறியிருக்கிறது. துரையின் காராகத்தான் இருக்க வேண்டும்.

பதினோராம் நாள் காலையில் அமராவதி வந்ததும், பிலோமினாவைக் கேட்காமலேயே சென்னியப்பன் அதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அழவில்லை. ஊர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றார். படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே போய் வேப்பமரத்தடியில் பஸ் நேரத்துக்காக நின்றார்.

சென்னியப்பனுக்கு டீ இறங்கவில்லை. பிலோமினாவிடம் போனார்.

“மேஸ்திரியம்மா, ஒரு வண்டி எங்க பொறந்ததுன்னு எதை வெச்சு முடிவு பண்றது? சேஸிஸை வெச்சுங்களா, என்ஜினை வெச்சுங்களா?”

பிலோமினா கையை நீட்டினார். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இது என்னங்கண்ணா?”

“ஒட்டுவேலைங்க. பின்னாடி யாரோ ரிப்பேருக்குப் போட்டது.”

“ஒண்ணைக் கழட்டுங்க.”

சென்னியப்பன் மட்கார்டு ஓரத்தில் சின்னதாக இருந்த ஒன்றைப் பிடித்தார்.

“அது வேண்டாம். பாடியைத் தாங்குதே, அதைக் கழட்டுங்க.”

அதைக் கழற்றினால் பாடி இறங்கிவிடும் என்றார் சென்னியப்பன். ஜாக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் பிலோமினா.

வண்டிக்கு அடியில் படுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, நெஞ்சு வலிக்க இழுத்தபிறகு போல்ட் அசைந்தது. சத்தம் கேட்டு அமராவதியும் வாசல்வரை வந்து நின்றார்.

பிராக்கெட் கையோடு வந்தது. அது இருந்த இடத்தைச் சென்னியப்பன் துணியால் துடைத்தார். அங்கே கம்பெனித் துளை இருக்க வேண்டும். பாடியை முதன்முதலில் மாட்டும்போது போட்ட துளை. ரிப்பேர்காரன் அந்தத் துளையில்தான் புது போல்ட்டை விடுவான்; இருக்கிற துளையை விட்டுவிட்டு, அவ்வளவு தடி இரும்பில் வேறு துளை போட யாருக்கும் பைத்தியம் இல்லை.

இருந்தது ஒரே துளை. அதுவும் கையால் போட்டது.

எதிர்ப்பக்கம் புரண்டு போய் இன்னொன்றைக் கழற்றினார். அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருந்ததை எல்லாம் பார்த்துவிட்டார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. முதுகு மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

“என்னங்கண்ணா, தூங்கிட்டீங்களா?” என்றார் பிலோமினா.

“பிராக்கெட் இருந்த இடத்துல கம்பெனித் துளை ஒண்ணுகூட இல்லைங்க.”

“சேஸிஸ்ல அடிபட்ட இடம்னு எழுதியிருக்கீங்களே, அது?”

“மடங்கினதைச் சூடு காட்டி நிமித்தியிருக்குதுங்க. ரெண்டு இடத்துல.” சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிப்போயிற்று. “பள்ளத்துல உருண்டா அப்படித்தான் மடங்கும்.”

“அப்ப, இந்த பாடியை இந்த சேஸிஸ் மேல மொதல்ல உக்கார வெச்சது யாரு?”

சென்னியப்பன் வெளியே வந்தார். அமராவதியின் முன்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொள்வதா தொங்கவிடுவதா என்று தெரியவில்லை.

“காலையில நான் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. உங்கப்பா திருடலைங்க. துரை காருன்னா பாடியும் சேஸிஸும் கம்பெனியிலயே சேந்து வந்திருக்கும். இது ரெண்டும் அவரு சேத்து வெக்கிற வரைக்கும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லைங்க.”

துரையின் கார் எங்கே போனது என்பது துரையின் பாடு என்றார் பிலோமினா.

அமராவதி பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். திடீரென்று சிரித்தார். அப்பா மட்டும் இருந்திருந்தால் காலையிலேயே ஸ்பேனரைத் தூக்கி உங்கள்மேல் வீசியிருப்பார் என்றார். வாங்கிக்கொண்டிருப்பேன் என்றார் சென்னியப்பன். காலையில் டீ இறங்காதவருக்கு இப்போது பசித்தது.

ஆனால் அமராவதி நர்ஸ். ஒருதரம் தவறாகச் சொன்னவர்கள் மறுதரம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வாரா? டார்ச்சை வாங்கினார். மண்டி போட்டுக் குனிந்து, முதல் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். முகம் சற்றே வாடியது.

“இது நேரா இல்லையேங்க. ஒருபக்கமாச் சாஞ்சிருக்குது.” மெதுவாகக் கேட்டார். “நாளைக்கு இதையும் யாராச்சும் குறை சொல்லுவாங்களே?”

பிலோமினா சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“கம்பெனி போடற துளை சாயாதுங்கம்மா. பேரை எழுதுங்க.”