நெருப்பில்லாத சந்து

குமரேசன் எழுதி முடித்த கட்டுரையைப் பேராசிரியர் மரியபுஷ்பத்தின் மேசையில் வைத்தான்.

"நெருப்புதான் மேடம். உறுதியாச் சொல்லிட்டேன்."

அவர் படிக்கத் தொடங்கினார்.

ஈயத்தின் அணுக்கருக்கள் இரண்டு மிகுந்த வேகத்தில் மோதும்போது, குவார்க் என்னும் நுண்துகளில் கனமான ஒன்றும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தே பிறக்கின்றன. அவற்றில் சில ஜோடி பிரியாமலே வெளியே வர வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கு வருவதில்லை. மோதலில் மூளும் பெரும் வெப்பம்தான் அவற்றைப் பிரிக்கிறது என்று குமரேசன் எழுதியிருந்தான். மூன்று வருட உழைப்பு. உதவித்தொகை அந்த மாதத்தோடு நின்றுவிடும். கட்டுரை வெளிவந்தால் வேலை கிடைக்கும்.

"எதோட ஒப்பிட்டீங்க?"

"புரோட்டானும் புரோட்டானும் மோதுறதோட, மேடம்."

"ஒத்தைப் புரோட்டான் ஈயத்துல மோதினா? அங்கயும் அதே ஈயக்கரு இருக்கும். பெருசா நெருப்பு மூளாது."

"அந்த அளவீடு அடுத்த வருஷம்தான் வரும்."

"ம்."

"அதுல என்ன மாறிடப் போகுது மேடம்? ஈயம்னாலும் உள்ள இருக்கிறது அதே புரோட்டானும் நியூட்ரானும்தானே."

அவர் கட்டுரையை மூடினார்.

"தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. வீட்டுல உலகம்மா தினமும் கேட்டுட்டுத்தான் இருக்கா."

"ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வாங்க. விளக்குத்தூண்கிட்ட இருந்து ஜவுளிக்கடைச் சந்துக்குள்ள நடங்க. கையை விடாம வரணும். நான் அந்தக் கடைசியில நிக்கிறேன்."

குமரேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் போனான்.

தீபாவளி நெரிசலில் பிதுங்கிய சந்தின் கடைசியில் பேராசிரியர் வெகுநேரம் நின்றார். முதலில் குமரேசன் வந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் அவன் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"கண்ணாடி விழுந்துடுச்சாம் மேடம். ஆட்டோவுல ஏத்தி விட்டாத்தான் கையை விடுவாராம்."

அவரை ஏற்றிவிட்டுத் திரும்பிய பிறகுதான், பக்கத்துத் திருப்பத்தில் அவன் மனைவி உலகம்மா வெளியே வந்தாள். இடுப்பில் யாருடைய குழந்தையோ இருந்தது. பின்னாலேயே இரண்டு கையிலும் பைகளோடு அதன் அம்மா.

"கையைப் பிடிச்சுட்டு வாங்கன்னா, அடுத்தவங்க கையைப் பிடிச்சுட்டுப் போயிட்டீங்க?"

"நீதான் விட்ட."

"நான் எங்க விட்டேன்? நடுவுல ஒரு துணிமூட்டை வந்துச்சு. அப்புறம் உங்களைக் காணோம்."

குமரேசன் சிரித்தான். மரியபுஷ்பம் சிரிக்கவில்லை.

"உள்ள எங்கயாவது தீப்பிடிச்சுதா?"

"இல்லியே மேடம்."

சொன்ன பிறகு அவன் சந்தைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த ஜோடிகளை, நெருப்பில்லாம, கருவே பிரிச்சிருக்கலாம்," என்றான்.

"எவ்வளவு?"

"தெரியாது."

"நெருப்பு எவ்வளவு பிரிச்சுது?"

"அதுவும் தெரியாது."

உலகம்மா குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் வரைக்கும் நான் என்ன செய்யட்டும் மேடம்?"

"உதவித்தொகையை நீட்டிக்க என்னால முடியாது. கேட்டுப் பார்த்துட்டேன். கட்டுரை உங்களோடது. அனுப்புறதுன்னா அனுப்புங்க, நான் தடுக்க மாட்டேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வெறுங்கையோடு நின்றிருந்தாள். துணி எடுக்க முடியவில்லை.

"அனுப்பல," என்றான்.

உலகம்மா அவனை ஒன்றும் கேட்கவில்லை. பேராசிரியரிடம்தான் கேட்டாள்.

"மூணு வருஷமா வீட்டுல நெருப்பு நெருப்புன்னுதான் சொல்லிட்டிருந்தாரு மேடம். ஒருவேளை அது இல்லைன்னா, இத்தனை நாளா இவரு எதைத்தான் பார்த்துட்டிருந்தாரு?"

மரியபுஷ்பம் சந்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கூட்டத்தை."