கண்ணாடித் தரை

வீட்டுக் கதவுகளுக்குப் பாலிஷ் போடுவதில் பேர் எடுத்தவர் வேதமுத்து. அவர் முடித்துவிட்டுப் போன கதவின் முன்னால் நின்று பெண்கள் பொட்டு வைத்துக்கொள்வார்கள் என்று தூத்துக்குடியில் சொல்வதுண்டு.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் ஒருத்தியிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார்.

காரணம் ஒரு பாய்மரப் படகு. ஏதோ வேலையாகத் துறைமுகம் போனவர், அதன் உள்ளறைக்குள் இறங்கினார். சுவர், கட்டில், தரை எல்லாம் தேக்கு. கூரை தாழ்வு என்பதால் தலையைக் குனிந்தபடியே நின்று பார்த்தார். கழுத்து வலித்தபோதுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"இது யார் கை?" என்று கேட்டார்.

"ஜெசிந்தா மேஸ்திரி" என்றார்கள்.

ஜெசிந்தாவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. அவர் அவளை மேஸ்திரி என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். துறைமுகத்தில் சும்மா விடுவார்களா.

"அண்ணாச்சி, தங்கச்சி இன்னும் சிலேட்டு வாங்கித் தரலியா?"

"பல்பம் வாங்கித் தந்தா. தின்னுட்டேன்."

முதல் நாள் ஜெசிந்தா ஒரு பழைய பலகையைக் குனிந்து நாக்கால் தொட்டாள்.

"என்ன மேஸ்திரி?"

"உப்பு இருக்கான்னு பாக்கேன்."

"உப்புத்தாள் போட்டு ஒரு தேய் தேய்ச்சா போயிரும்லா?"

"அதுக்குப் பேருலதான் உப்பு, அண்ணாச்சி. அதை வச்சுத் தேய்ச்சா உப்பு இன்னும் உள்ள போகும். மொதல்ல நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க."

கழுவினார். காயவிட்டார். தேக்கு கக்கும் எண்ணெயைத் துடைத்து, அது மறுபடி கசியும் முன் வார்னிஷை மெல்லிசாக இழுக்கக் கற்றுக்கொண்டார். காய்ந்ததும் மரத்தின் ரேகை போகும் திக்கிலேயே தேய்த்து, மறுபடி இழுத்தார். ஜெசிந்தா தூரிகை பிடிக்கும்போது மட்டும் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். தூங்கும் பிள்ளையின் நெற்றி முடியை ஒதுக்குகிற மாதிரி இருக்கும்.

ஒரு மழைக்காலம் போனது. இன்னொன்றும் போனது.

"மேஸ்திரி, நான் தனியா ஒரு படகு செய்யறது எப்போ?"

அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது துரைசிங்கம் கேப்டனின் படகுச் சாவி. கேப்டன் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தனியாகவே லட்சத்தீவு வரை ஓட்டிப் போக ஆசைப்பட்டார்.

"உள்ள முழுசும் உங்க பொறுப்பு. சரியா வந்துச்சுன்னா அடுத்த படகுலேருந்து நீங்களும் மேஸ்திரி."

வேதமுத்து சுவரையும் கட்டிலையும் அவள் கற்றுத் தந்தபடியே செய்தார். தரைக்கு வந்ததும் கதவுகளில் பழகிய கை விழித்துக்கொண்டது. இழுத்தார், தேய்த்தார், இழுத்தார். ஜெசிந்தா சாயங்காலம் தோறும் வந்து படியில் நின்று பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள்.

வேலை முடிந்த அன்று கேப்டன் வந்தார். இரண்டு படி இறங்கியவர் அப்படியே நின்று செருப்பைக் கழற்றினார். தரைக்குள் சன்னல் தெரிந்தது. சன்னலுக்குள் மேகம் போனது.

"மிதிக்க மனசு வரலியே" என்றார்.

வேதமுத்து ஏற்கெனவே துடைத்த தூரிகையை மறுபடி துடைத்தார்.

ஜெசிந்தா வெளியே போய் ஒரு வாளி கடல் தண்ணீர் எடுத்து வந்தாள். தரையில் ஊற்றினாள்.

"கடல்ல இது உள்ள வரும், கேப்டன்."

"எனக்குத் தெரியாதா. பாத்து நடந்துக்குவேன். இதை மட்டும் தொட்டுராதீங்க."

அவள் ஈரத்தில் இறங்கி நடந்தாள். அந்த நேரம் பக்கத்தில் ஒரு விசைப்படகு கடந்தது. அதன் அலையில் தரை சாய்ந்தது. ஜெசிந்தாவின் கால் வழுக்கியது. கட்டில் விளிம்பில் முழங்கால் மோதிச் சேலையில் ரத்தம் கசிந்தது.

வேதமுத்து ஓடிப்போய்த் தூக்கினார்.

"எனக்குத் தூக்கிவிட நீங்க இருக்கீங்க" என்றாள் அவள். கேப்டனைப் பார்க்கவில்லை.

கேப்டன் வேதமுத்து பக்கம் திரும்பினார். "உங்க வேலை. நீங்களே சொல்லுங்க, அண்ணாச்சி. இருக்கட்டுமா, வேண்டாமா?"

இருக்கட்டும் என்று சொன்னால் போதும். கேப்டன் சந்தோஷமாகப் போவார். ஊரெல்லாம் சொல்லுவார்.

வேதமுத்து துணி எடுத்துத் தண்ணீரை ஒற்றினார். நல்ல தண்ணீரால் கழுவினார். காயும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு உப்புத்தாளை மடித்து, சன்னல் தெரிந்த இடத்தில் வைத்துத் தேய்த்தார். வெள்ளைத் தூள் எழுந்தது. சன்னல் மறைந்தது.

கேப்டன் எழுந்து மேலே போய்விட்டார்.

ஜெசிந்தா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த முனையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு பேரும் நடுவை நோக்கித் தேய்த்துக்கொண்டே வந்தார்கள்.

"நான் செய்யும்போதே உங்களுக்குத் தெரியும்" என்றார் வேதமுத்து.

"தெரியும்."

"தினம் வந்து பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்."

அவள் கை நின்றது. தேய்க்காமல் எஞ்சியிருந்த பளபளப்பைப் பார்த்தாள்.

"நிறுத்தியிருப்பீங்க. அதான் சொல்லல, மேஸ்திரி. முடிஞ்சா எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும் போல இருந்துச்சு."