சபை போட்ட பட்டினித் தீர்மானம்

ஒரு காட்டில் மழை பொய்த்துவிட்டால், பாறைக் குகையில் சேர்த்து வைத்த கிழங்கும் உலர்ந்த இலுப்பைப் பூவும்தான் எல்லோருக்கும் சோறு. யாருக்கு எவ்வளவு என்று மாசி முடிவதற்குள் திட்டம் போட வேண்டியது சபையின் வேலை. அதற்காகவே விலங்குகள் கூடி நரி, கரடி, மயில் மூவரையும் தேர்ந்தெடுத்திருந்தன.

அந்த வருஷம் மழை இல்லை. மாசி போயிற்று. பங்குனியும் முக்கால்வாசி போயிற்று. திட்டம் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? சபை கூடும் நாளெல்லாம் உறுப்பினருக்கு ஆளுக்கொரு கூடை இலுப்பைப் பூ படியாக உண்டு. திட்டம் நிறைவேறினால் கூட்டமும் இல்லை, கூடையும் இல்லை. ஆகவே கிழங்கை நிறுத்துக் கொடுப்பதா, எண்ணிக் கொடுப்பதா என்று கரடி பத்து நாள் பேசியது. திட்டத்தை எந்த மரத்து இலையில் எழுதுவது என்று மயில் எட்டு நாள் பேசியது. இரண்டு பேச்சையும் பாராட்டி நரி நான்கு நாள் பேசியது.

குகை வாசலில் முள்ளம்பன்றி காவல். சபையில் நிறைவேறியது எதுவோ அதுதான் அதற்கு வேதம். ஒரு சருகுமான் வந்து, தன் குட்டி எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடக்கிறது என்று அழுதது. திட்டம் வராமல் ஒரு கிழங்கும் வெளியே போகாது என்று முள்ளம்பன்றி சொல்லிவிட்டது.

சருகுமான் நேரே சபைக்குப் போயிற்று. நரி ஏப்பம் விட்டுக்கொண்டே, "உங்கள் பசியை நினைத்தால் எங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, தாயே" என்றது.

"இறங்காத சாப்பாடு எதற்கு ஐயா? திட்டம் வரும்வரை படி வேண்டாம் என்று ஒரு தீர்மானம் போடுங்களேன். காடே உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்."

நரிக்கு அடுத்த தேர்தல் ஞாபகம் வந்தது. முள்ளம்பன்றி நம் ஆள்தானே, கண்டும் காணாமல் கூடையை அனுப்பிவிடும் என்று மற்ற இரண்டின் காதிலும் ஓதியது. தீர்மானம் ஒரே மூச்சில் நிறைவேறியது. நரி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை கூடை வரவில்லை. மூன்றும் குகைக்கு ஓடின.

"நாங்கள் யார் தெரியுமா?" என்று உறுமியது கரடி.

"தெரியும். தீர்மானம் போட்டவர்கள்" என்று முள்ளைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி.

உச்சி வெயிலுக்குள் திட்டம் தயார். நிறுப்பதா எண்ணுவதா என்று கரடி வாயே திறக்கவில்லை. கையில் அகப்பட்ட தேக்கிலையே போதும் என்றது மயில். குகை திறந்தது. சருகுமான் கிழங்கை மென்று குட்டியின் வாயில் வைத்தது. அது விழுங்கிய பிறகுதான் தாய்க்கு உயிர் வந்தது.

அப்போது நரி தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "அரை நாள் பட்டினி கிடந்தோம். அதற்கு ஈடு ஏதாவது..." என்று இழுத்தது.

"கட்டாயம் உண்டு, ஐயா. எங்கள் இருபத்திரண்டு நாளுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றது சருகுமான்.

நீதி: தாமதத்தின் பசி தன் வயிற்றையும் தொட்டால்தான் ஆள வந்தவர்க்கு நாள் கிழமை தெரியும்.