தாண்டவராயனுக்குள்ளே ஒரு ரீங்காரம்

சித்தேரிப்பட்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று புத்தியைப் பங்கு வைத்த நாளில் தாண்டவராயனும் அவருடைய தம்பிகள் கோதண்டமும் நாகலிங்கமும் வரிசையில்தான் நின்றார்கள். பின்னால் நின்றவர் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றாராம். தள்ளி நின்றார்கள். இன்னும் தள்ளித்தான் நிற்கிறார்கள். மற்றபடி மூன்று பேரும் தங்கமான மனிதர்கள், யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள்.

அவர்களுக்கு ஒரே தங்கை, தெய்வானை. கல்யாணம் ஆகப்போகிற பெண் தலை நிமிரக் கூடாது என்று அத்தை ஒரு தீபாவளிக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குக் குனிந்த தலையைத் தெய்வானை அப்புறம் நிமிர்த்தவே இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் கால் விரலை வைத்தே அடையாளம் சொல்வாள். முகத்தைக் காட்டினால் அவளுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் அந்த வீட்டில் கேட்ட சத்தம். விடிந்தால் "உம்ம்ம்" என்று தொடங்கும், பொழுது சாய்ந்தால்தான் ஓயும். பெண் பார்க்க வந்த முதல் கூட்டம் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடியது. இரண்டாவது கூட்டம் பஜ்ஜியைக்கூட எடுக்கவில்லை. பேய் வீட்டில் சம்பந்தமா என்று பேச்சு பரவிவிட்டது.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகு, சமையற்கட்டின் பழைய புகைக்கூண்டுக்குள் தேனீக்கள் குடிவந்திருந்தன. பகலெல்லாம் அதன் அடியிலேயே நின்று சமைத்தவள் தெய்வானைதான். ஆனால் அண்ணாந்து பார்த்தால் அத்தை பேச்சு என்ன ஆவது? ஒருநாள் தரையில் ஏதோ சொட்டியிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, நம் வீட்டுத் தரை இனிக்கிறது என்று அண்ணன்களிடம் போய்ச் சொன்னாள். மூவரும் வந்து குனிந்து நக்கிப் பார்த்தார்கள். ஆமாம், இனித்தது. அந்தக் காலத்துக் கொத்தனார் கொத்தனார்தான் என்று பெருமைப்பட்டார்கள்.

கடைசியாக அய்யம்பாளையத்துச் சபாபதி தன் மகனுக்குப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். தாண்டவராயனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அப்பா இல்லாத பெண்ணை அவர்தான் தூக்கி வளர்த்தவர். இந்த இடமும் தட்டிப்போனால் வேறு இடம் கிடையாது. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை வந்தது. அழுதால் தம்பிகள் பயப்படுவார்கள் என்று கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

கோதண்டம் டவுனுக்குப் போய் எலக்ட்ரீஷியனிடம் யோசனை கேட்டான். அந்த மனிதர் தலையை நிமிர்த்தாமலே, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். எதை வெளியே வைத்ததும் சத்தம் நிற்கிறதோ, அதில்தான் கோளாறு.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் வெளியே போனது. மூவரும் உள்ளே வந்து கேட்டார்கள், சத்தம் இருந்தது. மிக்ஸி, கட்டில், பீரோ எல்லாம் போயின. தலையணையைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் எடுத்தார்கள். சாமி படங்களுக்குச் சூடம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்தார்கள். கதவுகளைக்கூடக் கழற்றித் தெருவில் சாத்தினார்கள். வீடு துடைத்து வைத்த மாதிரி ஆனது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

நாகலிங்கம் ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னும் சாமான் பாக்கி இருக்கு. நாம இருக்கோமே."

தாண்டவராயனுக்கு அது நியாயமாகப் பட்டது. முதலில் தெய்வானையை வெளியே அனுப்பினார். சத்தம் நிற்கவில்லை. நாகலிங்கம் போனான், பிறகு கோதண்டம் போனான். அப்போதும் நிற்கவில்லை என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தாண்டவராயன் வெளியே வந்தார். நால்வரும் தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். காக்கை சத்தம் கேட்டது, எங்கேயோ ஒரு ஆடு கத்தியது. வேறு ஒன்றும் இல்லை.

தம்பிகள் இருவரும் மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள்.

"உங்களை வெளிய எடுத்ததும் நின்னுபோச்சு," என்றான் கோதண்டம்.

"அப்ப நான்தானாடா?" என்றார் தாண்டவராயன்.

சந்தேகமே வேண்டாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்கள். "உம்ம்ம்" என்றது. அவரை வெளியே கூட்டிவந்தார்கள். நின்றுவிட்டது. இத்தனை நாள் தங்கை வாழ்க்கையைக் கெடுத்தது தன் உடம்புக்குள் இருந்த கோளாறுதான் என்று தெரிந்ததும் தாண்டவராயன் அப்படியே ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தெய்வானை அவருடைய கால் விரல்களைப் பார்த்து, வருத்தப்படாதீங்கண்ணே என்றாள்.

அந்த நேரம் பார்த்து சபாபதி மகனோடு வந்து இறங்கினார். அவரும் நம்மவர்களுக்குச் சளைத்தவர் இல்லை. தெரு முழுக்கச் சாமான்களைப் பார்த்ததும், பெண்ணையே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் சீர்வரிசையை அடுக்கிவிட்டார்களே என்று கூச்சப்பட்டுப்போனார். கதவைக்கூடக் கழற்றிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றுவிட்டார்.

"இவரும் சீர்ல சேர்த்தியா?"

நாகலிங்கத்துக்குப் பொய் வராது. அண்ணன்தான், ஆனால் கோளாறு உள்ளவர், உள்ளே வைத்தால் சத்தம் போடுவார் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

சபாபதி கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் உள்ளே போனார்கள். காலி வீட்டில் சத்தம் கோயில் மணி மாதிரி நின்று முழங்கியது. சபாபதி தாண்டவராயனின் வாயைப் பார்த்தார், முதுகுப்பக்கம் போய்க் காதை வைத்துப் பார்த்தார். வெளியே கூட்டிவந்து மறுபடி காதை வைத்தார்.

"உதடே அசையலையே தம்பி," என்றார். "ஃபிரிட்ஜ் எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு. இந்த மாதிரி ஒருத்தர் யார் வீட்டுலயும் இல்ல. இவரைக் குடுக்கிறதா இருந்தா, இப்பவே தட்டு மாத்திக்கலாம்."

தாண்டவராயன் இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் அழுதார். சந்தோஷத்தில் அழுதால் தம்பிகள் பயப்பட மாட்டார்கள்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. லாரியில் பீரோ, கட்டில், கதவுகள், தாண்டவராயன் எல்லாம் அய்யம்பாளையம் போய்ச் சேர்ந்தன. அவரை ஹாலில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து சுற்றி அமர்ந்தார்கள். சத்தம் வரவில்லை. புது இடம், பழகினால் வரும் என்றார் சபாபதி. மறுநாளும் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களோ என்று யாரோ முணுமுணுத்தது தெய்வானை காதில் விழுந்தது. குனிந்த தலையோடு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தாண்டவராயன் பார்த்தார்.

அவ்வளவுதான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுக்க ஆரம்பித்தார். கூட்டம் கை தட்டியது. சபாபதி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். தெய்வானை வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் வாழத் தொடங்கினாள். அண்ணன் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, சாப்பிடுகிற நேரம் போக, விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சித்தேரிப்பட்டியிலிருந்து கோதண்டம் ஃபோன் செய்தான். வீட்டில் இன்னமும் அந்தச் சத்தம் கேட்கிறதாம். அண்ணனே இங்கே இல்லாதபோது எப்படி என்று தம்பிகள் இருவருக்கும் குழப்பமாம்.

தாண்டவராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க வரைக்குமாடா கேக்குது? தெரியாமப் போச்சே. தொந்தரவா இருந்தா நான் கொஞ்சம் மெதுவா இழுக்கிறேன்."

அன்று முழுக்க அவர் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடக்கமாகவே இழுத்தார். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஃபோன் வந்தது.

"இப்ப சுத்தமா கேக்கலண்ணே," என்றான் கோதண்டம். "ஆனா இவ்வளவு மெதுவா வேணாம். நீங்க இருக்கீங்களா இல்லையான்னு தம்பி பயப்படறான்."