யாராலும் எடுக்க முடியாத முகவரி

பதவியேற்ற சூடு ஆறுமுன்னே உப்பளத் துறை அமைச்சர் மாசிலாமணி, கணினி பார்க்கும் ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார். சுற்றிலும் அதிகாரிகள் நின்றார்கள்.

"அரசுத் தளத்துல நம்ம துறையோட இணைய முகவரி என் பேர்லயே இருக்கணும். மின்னஞ்சலும் அதுலதான். நாளைக்கு எவன் வந்தாலும் எடுக்க முடியாதபடி போடு."

"போட்டுடறேங்கய்யா. போன அமைச்சரும் இதையேதான் சொன்னாங்க. அவங்க பேரை அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன்."

"முதல்ல அதை எடு."

சொன்ன பிறகுதான் மாசிலாமணிக்கு உறைத்தது. அதிகாரிகள் தரையைப் பார்த்தார்கள்.

"துறை பேரையே போடும்மா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"சரிங்கய்யா. சுவர்ல பழைய அமைச்சர் படத்தை எடுத்துட்டு உங்க படத்தை மாட்ட ஆள் வந்து நிக்கிறாரு. அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"